பூனைக்கு வயிறு கெட்டால்: முதல் 24 மணி நேரக் கவனிப்பு

ராயபுரம், காசிமேடு தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரையிலான கடலோரக் குப்பங்களில் பூனை இல்லாத தெருவைக் காண்பது அரிது. வலை வைக்கும் கொட்டகையிலும், கருவாட்டுக் கிடங்கிலும், மளிகைக் கடையிலும் எலி அண்டாமல் காப்பது பூனைதான். ஓர் இரவில் எலி கடித்துப் போட்ட வலையைச் சீர் செய்ய எத்தனை நாள் வேலை கெடும் என்பதை மீனவர் நன்கு அறிவர். ஆகவே ஆடு, மாடு, கோழியைப் போலப் பூனையும் குடும்பத்துக்கு உழைக்கும் பிராணியே.

ஆனால் மாட்டுக்கு வயிறு உப்பினால் மருந்தகத்துக்கு ஓடுகிறவர்கள், பூனை வாந்தி எடுத்தால் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடுவது ஒன்று. வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கிள்ளிப் பாலில் கலந்து கொடுப்பது மற்றொன்று. இவற்றில் இரண்டாவது வழி மிகவும் ஆபத்தானது. சாதாரண அஜீரணம் வளர்ந்த பூனையை அநேகமாகக் கொல்வதில்லை. அதற்கென்று கொடுக்கும் ஒரு காய்ச்சல் மாத்திரை கொன்றுவிடும். எது சாதாரணக் கோளாறு, அதற்கு வீட்டில் என்ன செய்யலாம், எந்த நிலையில் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பூனையின் வயிறு எப்படிப்பட்டது?

பூனை முழுக்க முழுக்க மாமிச பட்சிணி. அதன் குடல் குட்டையானது. மாமிசத்தையும் மீனையும் செரிக்க அமைந்தது. சோறு, ரொட்டி போன்ற மாவுப் பொருளைச் சிறிதளவே தாங்கும். பால் மறந்த பூனைக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. அதனால்தான் பாலை விரும்பிக் குடிக்கும் பூனைக்கும் மறுநாள் கழிச்சல் காண்கிறது.

பூனையின் ஈரல் இன்னொரு வகையிலும் மாறுபட்டது. மனிதன், நாய் ஆகியோரின் ஈரல் எளிதில் முறித்து வெளியேற்றிவிடும் சில இரசாயனங்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. அதற்கு வேண்டிய நொதி பூனைக்குப் போதுமான அளவில் இல்லை. மனிதருக்கு மருந்தாவது பூனைக்கு விஷமாவதன் காரணம் இதுவே.

சாதாரணக் கோளாறுக்கு அடையாளம்

கீழ்க்கண்ட எல்லாம் பொருந்தினால் அதைச் சாதாரண வயிற்றுக் கோளாறு என்று கொண்டு, ஒரு நாள் வீட்டில் வைத்துக் கவனிக்கலாம்:

1. பூனைக்கு ஆறு மாதத்துக்கு மேல் வயதாகியிருக்க வேண்டும். சினையாகவோ, வேறு நோய் உடையதாகவோ இருக்கக் கூடாது.

2. வாந்தி ஓரிரு முறையோடு நின்றிருக்க வேண்டும். அல்லது மலம் இளகி, நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறைக்கு மிகாமல் போக வேண்டும்.

3. வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் இருக்கக் கூடாது. மலம் தார் போலக் கறுத்திருப்பதும் உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளமே.

4. பூனை விழிப்போடு இருக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, நடமாடி, தண்ணீர் குடிக்க வேண்டும்.

5. விஷப்பொருள், நூல், எலும்பு முதலியவற்றை விழுங்கியதாகச் சந்தேகம் இருக்கக் கூடாது.

எப்போதாவது ஒரு முறை உரோம உருண்டையைக் கக்குவதும், புல்லைக் கடித்துவிட்டு வாந்தி எடுப்பதும் பூனைக்கு இயல்பு. அதன் பிறகு வழக்கம்போல் தின்று விளையாடினால் கவலைப்பட வேண்டியதில்லை.

உடலில் நீர்ச்சத்து குறைந்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள தோலை இரு விரலால் மெதுவாகத் தூக்கி விட வேண்டும். தோல் உடனே படிந்தால் நல்லது. கூடாரம் போல் நின்று மெல்லப் படிந்தால் நீர் குறைந்திருக்கிறது. மேலுதட்டை விலக்கி ஈறைத் தொட்டுப் பார்த்தால் வழவழப்பாக, வெளிர் சிவப்பாக இருக்க வேண்டும். ஒட்டுகிற பிசுபிசுப்பு இருந்தால் நீரிழப்பு. வயதான, மெலிந்த பூனையின் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும். அதனிடம் ஈறைப் பார்ப்பதே சரி.

பூனையின் உடல் நம் கைக்கு எப்போதும் சற்றுச் சூடாகவே தெரியும். அதன் இயல்பான வெப்பநிலை 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. இதைக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுக்கக் கூடாது.

தடைக்காலமும் பூனையின் வயிறும்

வயிற்றுக் கோளாறுக்கு மிகச் சாதாரணமான காரணம் திடீர்த் தீவன மாற்றம். இதை வடசென்னைக் கடலோரத்தில் ஆண்டுதோறும் காணலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. காசிமேட்டில் வரத்து சுருங்குகிறது. நேற்று வரை மீன் தலையும் குடலும் தின்று வந்த பூனைக்கு இன்று பால் சோறும் பன்னும் கிடைக்கிறது. மூன்றாம் நாள் கழிச்சல் ஆரம்பிக்கிறது. தடை முடிந்து படகுகள் திரும்பியதும் இதற்கு எதிர்மாறாக, பட்டினியாய்க் கிடந்த பூனை வயிறு புடைக்கத் தின்று வாந்தி எடுக்கிறது.

இந்த இரண்டு மாதமும் கடும் வெயில் காலம். ஐஸ் இல்லாமல் வெளியில் கிடக்கும் மீன் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். குறிப்பாக காணாங்கெளுத்தி, சூரை, கவலை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகுகிறது. ஒரு முறை உண்டாகிவிட்டால் வேக வைத்தாலும் இது போகாது. ஆகவே "கொதிக்க வைத்துவிட்டோம், இனிப் பயமில்லை" என்று கெட்ட மீனைப் பூனைக்குப் போடுவது தவறு. கண் பளபளப்பாகவும், செவுள் சிவப்பாகவும், சதை விரலால் அமுக்கினால் மீண்டு எழுவதாகவும் உள்ள மீனே பூனைக்கும் உகந்தது. நம் வீட்டுச் சட்டியில் போடத் தகாத மீன் பூனையின் தட்டுக்கும் தகாது.

முதல் 24 மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

பூனையை ஒரு தனி அறையிலோ, காற்றோட்டமுள்ள கூடையிலோ அடைத்து வைக்க வேண்டும். வெளியே விட்டால் அது என்ன தின்றது, எத்தனை முறை கழிந்தது என்பது தெரியாமல் போய்விடும். ஒரு தட்டில் மணலோ, கிழித்த செய்தித்தாளோ போட்டு வைத்தால் மலத்தைக் கண்டு அறியலாம். படுக்கச் சாக்கும் நிழலும் வேண்டும்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 50 மில்லி லிட்டர் வீதம், 3 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு 150 மில்லி லிட்டர் நீர் தேவை. உணவில் உள்ள நீரும் இதில் சேரும். கழிச்சல் இருக்கும்போது இன்னும் கூடுதலாக வேண்டும். வாந்தி எடுத்த பூனை ஒரே மூச்சில் நிறையக் குடித்தால் மீண்டும் வாந்தி எடுக்கும். ஆதலால் முதல் சில மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை இரண்டு மூன்று தேக்கரண்டி அளவு வைத்து, அது வயிற்றில் தங்கிய பின் அளவைக் கூட்டலாம். தண்ணீரை விரும்பாத பூனைக்கு உப்பு, மசாலா சேர்க்காமல் மீன் வேகவைத்த நீரை ஆறவைத்துக் கொடுக்கலாம். வாயைத் திறந்து ஊற்றக் கூடாது. நீர் மூச்சுக் குழலில் இறங்கினால் நுரையீரலில் சீழ் பிடிக்கும்.

வாந்தி எடுத்த வளர்ந்த பூனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகாரம் கொடுக்காமல் வயிற்றுக்கு ஓய்வு தரலாம். எக்காரணத்தைக் கொண்டும் 12 மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடக் கூடாது. "லங்கணம் பரம ஔஷதம்" என்பது மனிதனுக்குப் பொருந்தலாம், பூனைக்குப் பொருந்தாது. ஓரிரு நாட்கள் ஒன்றும் தின்னாத பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிருக்கு ஆபத்தான தனி நோயாகிவிடும். கொழுத்த பூனைக்கு இந்த அபாயம் அதிகம். வாந்தியில்லாமல் கழிச்சல் மட்டும் இருந்தால் பட்டினியே தேவையில்லை. குட்டிகளைப் பட்டினி போடவே கூடாது.

பத்திய ஆகாரம்

கொழுப்பு குறைந்த வெள்ளைச் சதை மீனையோ, தோல் நீக்கிய கோழிக்கறியையோ வெறும் தண்ணீரில் நன்றாக வேக வைக்க வேண்டும். உப்பு, மஞ்சள், எண்ணெய், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்கக் கூடாது. முள், எலும்பு முழுவதையும் நீக்கி, சதையை விரலால் உதிர்த்து வைக்க வேண்டும். விரும்பினால் மூன்று பங்கு கறிக்கு ஒரு பங்கு குழைந்த சோறு சேர்த்துப் பிசையலாம்.

முதலில் ஒரு மேசைக்கரண்டி அளவு கொடுத்து இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். வாந்தி இல்லையென்றால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அதே அளவு கொடுத்து வரலாம். இரண்டாம் நாள் ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு மேசைக்கரண்டி கொடுக்கலாம். மலம் இறுகத் தொடங்கிய பின் மூன்று, நான்கு நாட்களில் பழைய ஆகாரத்தைப் படிப்படியாகச் சேர்க்க வேண்டும். முதல் நாள் பத்தியம் முக்கால், பழையது கால். பிறகு பாதிக்குப் பாதி. பிறகு பத்தியம் கால், பழையது முக்கால் என்பது கணக்கு. மலம் சரியானதும் மகிழ்ந்து போய் ஒரு தட்டு நிறைய மீன் குடல் போட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கொடுக்கக் கூடாதவை

பாராசிட்டமால்: இது பூனைக்குக் கொடிய விஷம். 500 மில்லி கிராம் மாத்திரையில் பாதியே 3 கிலோ பூனையின் உயிரைப் பறிக்கக் கூடும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கிறது. ஈறு பழுப்பு அல்லது நீல நிறமாகும். முகமும் பாதமும் வீங்கும். மூச்சு வாங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறி வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் சென்று, எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இதற்கு மாற்று மருந்து உண்டு. நேரம் கடந்தால் பயன் குறையும். ஆஸ்பிரின், உடல்வலி மாத்திரைகள், மனிதருக்கான வயிற்றுப்போக்கு மாத்திரைகள் ஆகியவற்றையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

வெங்காயம், பூண்டு: பச்சையாகவோ, வேக வைத்தோ, மீன் குழம்பில் கரைந்தோ இருந்தாலும் இவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வயிற்று உப்புசத்துக்கு நல்லது என்று பூண்டுச் சாறு புகட்டுவது கெடுதல்.

குப்பைமேனி: இதன் வேரைக் கண்டால் பூனை மயங்கிப் புரளும். அதனால்தான் இதற்குப் பூனைவணங்கி என்று பெயர். பூனைக்குப் பிடிக்கும் என்பதால் மருந்தாகும் என்று எண்ணிச் சாறு பிழிந்து கொடுப்பதுண்டு. குப்பைமேனிச் சாறு வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும் இயல்புடையது. ஏற்கெனவே வாந்தி, கழிச்சலால் நீர் இழந்த பூனைக்கு இது நிலைமையை மோசமாக்கும்.

கருவாடு: இதில் உப்பு மிக அதிகம். கழிச்சல் உள்ள பூனைக்கு நீரிழப்பை மேலும் கூட்டும்.

பால்: கழிச்சல் நிற்கும்வரை அறவே கூடாது.

விளக்கெண்ணெய்: வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கும்.

துறைமுகப் பகுதிக்கே உரிய ஆபத்துகள்

மேலே சொன்ன சாதாரணக் கோளாறைப் போலத் தோன்றி, உண்மையில் உயிருக்கு உலை வைக்கும் சில சங்கதிகள் இப்பகுதியில் உண்டு. இவற்றைப் பிரித்து அறிவது மிக முக்கியம்.

நைலான் நரம்பும் தூண்டில் முள்ளும்: மீன் வாசனை ஏறிய வலைத் துண்டையும் நரம்பையும் பூனை நக்கி விழுங்கிவிடும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால் வாய்க்குள் போன நூலை அதனால் துப்ப முடியாது. நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ, இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் செல்லும். குடல் அசைய அசைய, சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தது போல் மடிந்து, இறுதியில் அறுபடும். ஓயாத வாந்தி, ஆகாரத்தில் வெறுப்பு, வயிற்றைத் தொட்டால் வலி ஆகியவை அறிகுறிகள். வாயிலோ, ஆசன வாயிலோ நூல் தொங்கினால் அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் குடல் கிழியும். நறுக்கவும் வேண்டாம். அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். தூண்டில் முள்ளுக்கும் இதே விதிதான்.

பேத்தை மீன்: உடம்பைப் பந்து போல் ஊதிக்கொள்ளும் பேத்தையை மீனவர்கள் வலையிலிருந்து எடுத்து ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கியது கரையிலேயே கிடந்தால் பூனைக்கு எமனாகும். இதன் ஈரல், சினை, தோல் ஆகியவற்றில் உள்ள விஷம் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். வேக வைத்தாலும் இது போகாது. வாயில் எச்சில் வடிந்து, வாந்தி எடுத்து, கால் தள்ளாடி, பிறகு மூச்சு நிற்கும். இதற்கு முறிமருந்து கிடையாது. மூச்சுக்கு உதவி செய்து காப்பாற்றுவது ஒன்றே வழி. ஆகவே பேத்தையைக் கரையில் எறியாமல் குழி தோண்டிப் புதைப்பது நலம்.

எண்ணெய்க் கசிவு: 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிப் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது. இப்படிப்பட்ட நாட்களில் மட்டுமல்ல, படகு எஞ்சின் பழுது பார்க்கும் இடத்திலும் பூனை மீது டீசலும் கழிவு எண்ணெயும் படும். பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்வது. ஆகவே உரோமத்தில் பட்டது எல்லாம் வயிற்றுக்குள் போய் வாந்தி, கழிச்சல் உண்டாகும். அந்நேரம் வாந்தி எடுக்க வைக்க முயலக் கூடாது. எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் பிழைப்பது கடினம். பூனையை ஒரு துண்டில் சுற்றி நக்க விடாமல் தடுத்து, பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, துவட்டி, மருத்துவரிடம் காட்ட வேண்டும். மண்ணெண்ணெய் கொண்டு துடைப்பது பெரும் தவறு.

கூலண்ட்: கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் இடங்களில் ரேடியேட்டரிலிருந்து கூலண்ட் ஒழுகித் தேங்கும். அதில் எத்திலின் கிளைக்கால் இருந்தால், சிறிதளவு நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகக் கூடும். முதலில் வாந்தியும் குடித்தவன் போன்ற தள்ளாட்டமும் தோன்றும். பிறகு சற்றுத் தெளிந்தது போல் இருக்கும். அத்தெளிவை நம்பி இருந்துவிடக் கூடாது.

பினாயில்: தரை துடைக்கும் கறுப்பு பினாயிலும் பூனைக்கு விஷம். பாதத்தில் ஒட்டியதை நக்கும். தரையை நல்ல தண்ணீரால் கழுவிக் காய்ந்த பின்னரே பூனையை விட வேண்டும்.

எலி விஷம்: விஷம் தின்ற எலியைத் தின்றாலும் பூனைக்கு ஆபத்து உண்டு. பூனை காவல் இருக்கும் கிடங்கில் எலி விஷம் வைப்பது காவல்காரனுக்கே குழி வெட்டுவது போல.

மலச்சிக்கலா, நீர் அடைப்பா?

கடுவன் பூனை மணல் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து, முக்கி, கத்தி, ஒன்றும் வராமல் எழுந்தால் பலரும் அதை மலச்சிக்கல் என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது சிறுநீர்ப் பாதை அடைப்பாகவே இருக்கும். கூடவே வாந்தியும் வரும் என்பதால் வயிற்றுக் கோளாறு என்றே தோன்றும். நீர் முற்றிலும் அடைபட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். கடுவன் பூனை சிறுநீர் கழிக்கிறதா என்பதைத் தினமும் மணலின் ஈரத்தைப் பார்த்து அறிய வேண்டும். சந்தேகம் எழுந்தால் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

* ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு வாந்தி, கழிச்சல் கண்டால் உடனே.
* தண்ணீர் கூடத் தங்காமல் வாந்தி எடுத்தால்.
* இரத்தம் கலந்து அல்லது தார் போலக் கறுத்துக் கழிந்தால்.
* வயிறு உப்பி, தொட்டால் கத்தினால்.
* ஈறு வெளுத்தோ, மஞ்சளாகவோ, நீலமாகவோ இருந்தால்.
* மூலையில் ஒடுங்கிப் படுத்து, கூப்பிட்டால் திரும்பாவிட்டால்.
* 24 மணி நேரத்தில் ஒரு வாயும் தின்னாவிட்டால்.
* பத்தியம் கொடுத்தும் இரண்டாம் நாள் குணம் தெரியாவிட்டால்.

குட்டிகள் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். பான்லூக்கோபீனியா என்ற நச்சுயிரி நோய் முதலில் வாந்தியும் சோர்வுமாகவே தொடங்கும். தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி குடிக்காமல் உட்கார்ந்திருக்கும். தடுப்பூசி போடாத குட்டிகள் இதில் வேகமாக மடியும். ஒரு குட்டிக்கு வந்தால் மற்றவற்றை உடனே பிரித்து வைக்க வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது மலத்தில் சிறிதளவை மூடியுள்ள டப்பாவில் எடுத்துச் செல்ல வேண்டும். வாந்தியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை முறை வாந்தி, எத்தனை முறை கழிச்சல், கடைசியாகத் தின்றது என்ன, சிறுநீர் போனதா என்று ஒரு தாளில் குறித்துச் சென்றால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

மீண்டும் வராமல் தடுக்க

தடைக்காலம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே, அந்த இரண்டு மாதமும் எதைக் கொடுக்க முடியுமோ அதைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்க வேண்டும். கோழிக் கடையில் கிடைக்கும் எலும்பில்லாத துண்டுகளும் வேகவைத்த முட்டையும் பன், பாலைவிடச் சிறந்தவை. படகுகள் திரும்பிய பிறகும் ஒரு வாரம் அளவாகவே மீன் போட வேண்டும்.

நெத்திலி, கவலை போன்ற மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து போட்டால் அவற்றிலுள்ள ஒரு நொதி, தையமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும். முதலில் பசி மந்தமும் வாந்தியும் தோன்றும். பிறகு தலை மார்பை நோக்கி வளைந்து, நடை தடுமாறி, வலிப்பு வரும். மீனைக் கொதிக்க வைத்தால் இந்த நொதி அழிகிறது. எண்ணெய் மிகுந்த மீன் ஒன்றையே மாதக்கணக்கில் போடுவதும் நல்லதல்ல. ஈ உயிர்ச்சத்து குறைந்து தோலடிக் கொழுப்பு அழற்சி கண்டு, தொட்டாலே வலிக்கும். கோழிக்கறி, ஈரல் சிறிது, முட்டை என்று மாற்றிக் கொடுக்க வேண்டும்.

குட்டிகளுக்கு மூன்றாவது வாரம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குடற்புழு நீக்க மருந்து கொடுத்து, பால் மறந்த பின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை கொடுக்கலாம். வளர்ந்த பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. மருத்துவரே சொல்ல வேண்டும். ஆசன வாயைச் சுற்றி அரிசி போல ஒட்டியிருப்பது நாடாப்புழுவின் கணுக்கள். இது தெள்ளுப்பூச்சி மூலம் பரவுவதால் தெள்ளையும் ஒழிக்க வேண்டும். நாய்க்கென்று வாங்கிய தெள்ளு மருந்தில் பெர்மெத்ரின் இருக்கலாம். அது பூனைக்கு ஆகாது.

எட்டாவது வாரம் முதல் தடுப்பூசி தொடங்கலாம். மூன்று, நான்கு வார இடைவெளியில் குட்டிக்கு நான்கு மாதம் ஆகும்வரை தொடர வேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி அவசியம்.

வீட்டாரின் பாதுகாப்பு

நோயுற்ற பூனையின் மலத்தில் மனிதரைத் தாக்கும் கிருமிகளும் புழு முட்டைகளும் இருக்கலாம். மணலை அப்புறப்படுத்திய பின் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யாதிருப்பது நல்லது. வலியில் இருக்கும் பூனை வளர்த்தவரையே பிராண்டும், கடிக்கும். அப்படி நேர்ந்தால் காயத்தை ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்டறிய வேண்டும். மஞ்சளோ, மிளகாய்ப் பொடியோ, சுண்ணாம்போ அப்பக் கூடாது.

வடசென்னை வாசிகளுக்குச் சிகிச்சை வசதி தொலைவில் இல்லை. 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. 1989-இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில் உள்ளது. துணிப் பையில் போட்டுக் கொண்டு செல்வதைவிட, மூடியுள்ள மூங்கில் கூடையில் பழைய துணி விரித்துக் கொண்டு செல்வது நல்லது. பூனை வழியில் தப்பி ஓடாது, மூச்சும் முட்டாது.

பூனைக்கு வயிறு கெட்டால் தண்ணீரும், வேகவைத்த வெறும் மீனும், ஒரு நாள் ஓய்வும், கூர்ந்த கவனிப்புமே முதல் வைத்தியம். நம் மாத்திரைப் பெட்டியைத் திறக்க வேண்டிய வேலை இல்லை. இந்த நான்குக்கும் கட்டுப்படாவிட்டால் காலம் தாழ்த்தாமல் அருகிலுள்ள கால்நடை மருத்துவரை அணுகிப் பயன் பெறலாம்.